வாழ்க்கையை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லும் வகுப்பு

கலைக் கல்லூரியில் சமூகவியல் முதலாண்டு, முதல் நாள், முதல் வகுப்பு. கரும்பலகையில் எழுதப்படும் முதல் வரி என்ன என்று இந்தத் துறையில் படித்த யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: ‘சமூகவியல் – வரையறை’. அதற்குக் கீழே அகஸ்ட் காம்ட்டின் பெயர். 1830களின் இறுதியில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். பிறகு சமூகவியலின் தன்மை, பரப்பு, பொருளியலோடும் அரசியலோடும் அதற்குள்ள உறவு. முதல் யூனிட் முடிய ஒரு மாதம் ஆகிவிடும். அந்த ஒரு மாதத்தில், எதிரே உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேரும் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், விடிகாலை எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எழுந்ததும் யாருக்காக என்ன வேலை செய்தார்கள், பேருந்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள், யார் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்கள் என்ற கேள்வி ஒருமுறைகூட எழாது.

இது சோம்பலால் நடக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இதற்குப் பின்னால் உறுதியான ஒரு நம்பிக்கை இருக்கிறது. பாடத்திட்டக் கூட்டங்களிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் அதைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். “முதலில் அடிப்படையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கருத்தாக்கங்கள் கைவந்த பிறகுதான் களம். அதற்கு முன்பே பிள்ளைகளைத் தங்கள் வாழ்க்கையைப் பேசவிட்டால் வகுப்பு திண்ணைப் பேச்சாகிவிடும். பதினேழு வயதுப் பிள்ளைக்கு அப்படி என்ன அனுபவம் இருந்துவிடப் போகிறது? இருந்தாலும் அது ஒருதலையானது. அறிவியல் என்றால் தன்னை விலக்கி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். போதாததற்குச் சாதிப் பேச்சு வரும், சண்டை வரும், பிறகு யார் பதில் சொல்வது?”

இப்படிச் சொல்பவர்களில் நல்ல ஆசிரியர்கள் பலர் உண்டு. மாணவர்களுக்காகத் தங்கள் கைக்காசைச் செலவழிப்பவர்கள் அவர்கள். அதனால்தான் இந்த நம்பிக்கையைத் தட்டிக்கழித்துவிட்டுப் போகாமல் நின்று மறுக்க விரும்புகிறேன். இது தவறு, பாடம் நடத்தும் வரிசை பற்றிய சின்னத் தவறும் இல்லை. மாணவரின் வாழ்க்கைதான் சமூகவியலின் முதல் பாடநூல். அதைத் திறக்காமல் வேறு எதைத் திறந்தாலும் மனப்பாடத்துக்கு மட்டுமே ஆகும்.

மொய் நோட்டிலிருந்து தொடங்குகிறேன்.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் கொடை பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கொடை என்பது மனமுவந்து தருவதுபோலத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கடமைகள் இருக்கின்றன என்பது அதன் சாரம்: கொடுக்க வேண்டும், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். நம் வகுப்புகளில் இதை நடத்தும்போது பசிபிக் கடலின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் கைமாறும் சங்கு மாலைகளைச் சொல்வோம். வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் பழங்குடித் தலைவர்கள் போட்டிபோட்டு வாரி வழங்கிய விருந்துகளைச் சொல்வோம். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் நடத்தினேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள், பத்து மதிப்பெண் வினாவுக்கு ஒப்பித்தார்கள், மறந்தார்கள்.

ஓர் ஆண்டு மோஸின் பெயரையே எடுக்காமல், அவரவர் வீட்டு மொய் நோட்டைப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கும் அந்த நோட்டு பெரும்பாலான வீடுகளில் உண்டு. அதை எடுத்துக் கொடுக்கவே சில அப்பாக்கள் யோசித்திருக்கிறார்கள். மறுநாள் வகுப்பில் வந்து விழுந்தவை எந்தப் பாடநூலிலும் இல்லாத செய்திகள். ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் நோட்டைப் புரட்டி, அந்த வீட்டார் நமக்கு என்ன எழுதினார்கள் என்று பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து எழுதுவது எல்லா வீட்டிலும் வழக்கம். மதுரைப் பக்கத்து மாணவர் இதையே ‘செய்முறை’ என்றார். பேராவூரணிப் பக்கத்து மாணவர் ஆடி மாதத்து மொய் விருந்தை விவரித்தார். கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே, மொய் வாங்குவதற்கென்றே பத்திரிகை அடித்துக் கறிவிருந்து போடும் வழக்கம் அது. தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இன்றும் நடக்கிறது. அந்தப் பணத்தில் ஒருவர் கடை வைக்கிறார், இன்னொருவர் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறார், வேறொருவர் கடனை அடைக்கிறார். “அப்படியானால் இது அன்பளிப்பா, வட்டியில்லாக் கடனா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. மோஸின் கட்டுரையைப் படித்த அறிஞர்கள் கொடைக்கும் கடனுக்கும் இடையே கோடு போட முடியுமா என்று பல பத்தாண்டுகளாக வாதாடி வருகிறார்கள். அந்தக் கேள்விதான் அன்று எங்கள் வகுப்பில் தமிழில், தானாக எழுந்தது.

அதற்குப் பிறகு ஒரு மாணவி எழுந்து, தங்கள் வீட்டு நோட்டில் எல்லா வரிகளிலும் அப்பா பெயர்தான் இருக்கிறது, ஆனால் கையில் காசில்லாத மாதங்களில் மொய்க்காக அடகுக் கடைக்குப் போனது அம்மாவின் தோடு என்றார். இன்னொருவர், நோட்டில் உள்ள பெயர்களை எண்ணிப் பார்த்தபோது ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே தங்கள் சாதிக்காரர்கள் என்பதைக் கண்டதாகச் சொன்னார். அதைச் சொன்னபோது அவர் குரல் தணிந்தது. பதினேழு ஆண்டுகளாக அந்த வீட்டில் இருந்த நோட்டை அன்றுதான் அவர் படித்தார்.

மோஸை அடுத்த வாரம் நடத்தினேன். அவர்கள் அவரைத் தெரிந்தவர்போலக் கேட்டார்கள். சில இடங்களில் அவரோடு மோதினார்கள். கருத்தாக்கம் முதலில், களம் பிறகு என்ற வரிசையை நான் கைவிட்டது அந்த வாரம்தான்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். எமில் துர்கைம் 1895இல் எழுதிய ‘சமூகவியல் முறையின் விதிகள்’ நூலில், ஆய்வாளர் தன் முன்கருத்துகளை முறையாகக் களைந்துவிட வேண்டும் என்று கூறினார். அன்றாட வாழ்வில் நாம் சேர்த்துக்கொண்ட அபிப்பிராயங்கள் உண்மையை மறைக்கும் திரை என்றார். மாணவரின் அனுபவத்தை வகுப்புக்குள் விடக் கூடாது என்பவர்கள் இதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். துர்கைம் சொன்னது சரி. அவர்கள் அதிலிருந்து எடுக்கும் முடிவு தவறு. களைய வேண்டும் என்றால் முதலில் களை எது என்று தெரிய வேண்டும். வாயைத் திறந்து பேசாத, தாளில் எழுதிப் பார்க்காத முன்கருத்தை யாராலும் களைய முடியாது. அது பட்டம் வாங்கும்வரை பத்திரமாக உள்ளே இருக்கும். சமூக அடுக்கமைவு பற்றி எண்பது மதிப்பெண் வாங்கிய மாணவர் சாதி பார்த்துப் பெண் தேடுவது நமக்கெல்லாம் தெரியும். அந்தத் தேர்ச்சிக்கு என்ன பொருள்?

ஒரு மாணவர் எழுதிக்கொண்டு வந்த முதல் வரி, ‘எங்கள் வீட்டில் சாதி பார்ப்பதில்லை’. அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரே ஒரு வேலை கொடுத்தேன். வீட்டுக்கு வருபவர்கள் எதுவரை வருகிறார்கள், யாருக்கு எதில் காப்பி கொடுக்கப்படுகிறது, குடித்த டம்ளரை யார் கழுவுகிறார்கள் என்று மூன்று நாள் குறித்து வர வேண்டும், யாரிடமும் எதுவும் கேட்கக் கூடாது. அவர் திரும்பி வந்தபோது, கொல்லைப்புறத்து மாடத்தில் தனியாக வைத்திருந்த ஒரு டம்ளரைப் பற்றி எழுதியிருந்தார். தேங்காய் பறிக்க வருபவருக்கான டம்ளர் அது. பிறந்ததிலிருந்து அதைத் தினமும் பார்த்திருக்கிறார். கண்ணில் பட்டதே இல்லை.

அந்த வாரம்தான் ஒரு புள்ளிவிவரத்தைக் கொண்டுவந்தேன். 2011–12இல் நடந்த இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், ஏதோ ஒரு வடிவத்தில் தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாக நாட்டின் 27 சதவீத வீடுகள் தாங்களே ஒப்புக்கொண்டன. அந்த மாணவர் உடனே கேட்டார்: “எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தால் நாங்கள் இல்லை என்றுதானே சொல்லியிருப்போம்?” ஆய்வு முறையியலில் ஒரு முழு யூனிட் நடத்தினாலும் புரியவைக்க முடியாத ஒன்றை, அதாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலும் நடப்பும் ஒன்றல்ல என்பதை, ஒரு டம்ளரைக் கொண்டு அவர் கண்டுபிடித்துவிட்டார். அனுபவத்தை வகுப்புக்குள் கொண்டுவருவது என்று நான் சொல்வது இதைத்தான். சொல்லிவிட்டு உட்கார்வதோடு வேலை முடிந்துவிடாது. சொன்னதைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும், எண்ண வேண்டும், பக்கத்து வீட்டோடு ஒப்பிட வேண்டும், அப்போது நம் முதல் வரி பொய்யாகலாம் என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

தன்னை விலக்கி வைத்தவர்களே இந்தத் துறையைக் கட்டினார்கள் என்பது வரலாற்றளவிலும் நிற்காத கூற்று. அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸை எடுத்துக்கொள்வோம். மாசசூசெட்ஸில் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு அழகிய அட்டை வாங்கித் தங்களுக்குள் பரிமாறி விளையாடினார்கள். புதிதாக வந்த ஒரு வெள்ளைச் சிறுமி இவருடைய அட்டையை மட்டும் வாங்க மறுத்துவிட்டாள். தனக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு திரை தொங்குவதை அன்று உணர்ந்ததாக 1903இல் வெளிவந்த நூலில் எழுதினார். அதே மனிதர்தான் 1896இல் பிலடெல்பியாவின் ஏழாவது வட்டாரத்தில் குடியேறி, வீடு வீடாக ஏறி இறங்கி, வாடகை, தொழில், குடும்ப அளவு, படிப்பு என்று ஒவ்வொன்றையும் கணக்கெடுத்தார். 1899இல் நூலாக வந்த அந்த ஆய்வு, நகர்ப்புறக் கறுப்பின மக்களைப் பற்றிய முன்னோடியான சமூகவியல் ஆய்வு. அந்த அட்டையின் அவமானம் அவர் கணக்கின் துல்லியத்தைக் கெடுக்கவில்லை. கறுப்பின மக்களின் வறுமைக்கு அவர்களுடைய இயல்பே காரணம் என்று மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய காலத்தில், கதவைத் தட்டி எண்ணிப் பார்க்கும் அவசியம் அவருக்குத்தான் இருந்தது.

பதினேழு வயதுக்கு என்ன அனுபவம் என்று கேட்பவர்களுக்கு இன்னொருவரைக் காட்டுகிறேன். 1901இல் சதாராவிலிருந்து தந்தையைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலேறினான் பத்து வயதை எட்டாத ஒரு சிறுவன். மசூர் நிலையத்தில் இறங்கினார்கள். நல்ல உடை உடுத்தியிருந்த பிள்ளைகளிடம் அன்பாகப் பேசிய நிலைய அதிகாரி, அவர்கள் தீண்டத்தகாதவர்களாக நடத்தப்பட்ட மஹர்கள் என்று தெரிந்ததும் முகம் மாறி விலகிப் போனார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு மடங்கு கூலிக்குச் சம்மதித்தவரும், பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், தான் கூட நடந்துதான் வருவேன் என்றார். கட்டிக்கொடுத்த சாப்பாடு கையில் இருந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாததால் சாப்பிட முடியாமல் இரவைக் கழித்தார்கள். அந்தச் சிறுவன் அம்பேத்கர். 1916 மே 9 அன்று கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இந்தியச் சாதிகள் பற்றி அவர் வாசித்த கட்டுரையில் இந்தப் பயணம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அகமணமே சாதியின் உயிர்நாடி என்று தருக்கத்தால் நிறுவும் கட்டுரை அது. பயணத்தைப் பல ஆண்டுகள் கழித்து ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற குறிப்புகளில்தான் எழுதினார். ஆனால் மசூர் நிலையம் இல்லாமல் கொலம்பியாக் கட்டுரை வந்திருக்கும் என்று நினைக்க என்னால் முடியவில்லை. 1946இல் இவர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்; அவரும் பதில் எழுதினார். உலகின் இரு மூலைகளில், இரண்டு சிறுவர்கள் பட்டதை இரண்டு அறிஞர்கள் அறிவாக்கியிருந்தார்கள்.

அம்பேத்கர் நியூயார்க்கில் கட்டுரை வாசித்த அதே 1916இல், சென்னையில் இன்னொன்று நடந்தது. நம் கல்லூரிகள் அதை மறந்துவிட்டது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. முந்தைய ஆண்டின் இறுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்து சேர்ந்திருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்தவர், இந்த நாட்டைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. தெரியாததை மறைக்க மேல்நாட்டுப் பாடநூலைத் தூக்கிக்கொள்ளவும் இல்லை. ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களிடம் கொடுத்தார். உன் ஊரில் எத்தனை வீடு, எவ்வளவு நிலம், யாருக்கு எவ்வளவு, கூலி எப்படி, கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதி வா என்றார். மாணவர்கள் எழுதி வந்தார்கள். இருவேல்பட்டு, தூசி, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி முதலிய ஊர்களைப் பற்றிய அந்த அறிக்கைகள் 1918இல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற நூலாக வந்தன.

மாணவர்கள் சிலர் சொந்த ஊரைப் பற்றி எழுதிய குறிப்புகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் முக்கியம். பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1936–37இல் அதே ஊர்களுக்குத் திரும்பப் போய் மறு ஆய்வு நடத்தினார்கள். 1960களில் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ். குஹனும் அவரோடு சேர்ந்தவர்களும் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். நிலவுடைமைக் குடும்பங்களின் பிடி எப்படித் தளர்ந்தது, படியாள் முறை எப்படிப் போயிற்று, கூலி உறவும் சாதி அரசியலும் எப்படி மாறின என்பதை ஒரே ஊரில் தொண்ணூறு ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாகச் சொல்ல முடிகிறது என்றால், அத்தகைய ஊர்கள் உலகத்திலேயே மிகக் குறைவு. அந்த அறிவின் முதல் கல் ஒரு மாணவரின் விடுமுறை வீட்டுப்பாடம். “அனுபவம் அறிவாகாது” என்று பாடத்திட்டக் கூட்டத்தில் சொல்பவர்கள், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள அந்த ஊருக்கு ஒருமுறை போய்விட்டு வரட்டும்.

அடுத்தது சண்டை பற்றிய அச்சம். இதை நான் அலட்சியமாகப் பேச மாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் சொந்த வீட்டிலேயே வெட்டப்பட்டார்கள். வெட்டியவர்கள் உடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. அவற்றை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பிள்ளைகள் யாரும் வகுப்பில் சாதியைப் பேசியதால் அரிவாள் எடுக்கவில்லை. நம் வகுப்பறைகள் பல பத்தாண்டுகளாகச் சாதியைப் பற்றி மௌனம்தான் காத்து வருகின்றன. பேசினால் சண்டை வரும் என்று பயந்து நாம் பேசாதிருந்தோம், சண்டை வந்துவிட்டது. கயிற்றை அறுத்து எறியலாம். அதை ஏன் கட்டிக்கொண்டாய், யார் கட்டிவிட்டார்கள், இந்த நிறத்துக்கு இந்தப் பொருள் எப்போது வந்தது என்று கேட்டு, கேட்டவரும் கேட்கப்பட்டவரும் சேர்ந்து யோசிக்கும் இடம் சமூகவியல் வகுப்பாக இல்லாவிட்டால் வேறு எங்கே இருக்கும்?

அது முடியும் என்பதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. நாமக்கல்லில் தமிழாசிரியராக இருந்த பெருமாள்முருகன், தன் மாணவர்களும் நண்பர்களும் சாதியோடு தங்களுக்கிருந்த அனுபவங்களை எழுதிய கட்டுரைகளைத் தொகுத்து ‘சாதியும் நானும்’ என்ற நூலாக 2013இல் கொண்டுவந்தார். பின்னர் அம்பையின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வந்தது. பல சாதிகளைச் சேர்ந்தவர்கள் அதில் எழுதியிருக்கிறார்கள். எந்தச் சமூகவியல் துறையும் செய்யாத வேலையை ஒரு தமிழாசிரியர் செய்தார். எங்கள் துறைக்காரன் என்ற முறையில் இதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் அச்சப்படுபவர்களிடமிருந்து ஓர் எச்சரிக்கையை எடுத்துக்கொள்கிறேன். அனுபவத்தைப் பேசுவோம் என்றதும் ஆசிரியரின் கண் தலித் மாணவர் பக்கம் திரும்பும். உன் வேதனையைச் சொல் என்று எழுப்பி நிறுத்தும். அது கொடுமை. அடிபட்டவரை மறுபடி காட்சிப்பொருளாக்குவது பாடமாகாது. என் வகுப்பில் முதலில் எழுதி வாசிப்பவன் நான். எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் யார் வர முடியாது என்பதிலிருந்து தொடங்குவேன். அடுத்து எழுத வேண்டியவர்கள் சாதியே பார்ப்பதில்லை என்று நம்பும் வீட்டுப் பிள்ளைகள். பேச விரும்பாதவர் பேச வேண்டியதில்லை. எழுதித் தரலாம், பெயரில்லாமல் தரலாம், தராமலும் இருக்கலாம். இந்த ஏற்பாட்டில் எத்தனையோ ஆண்டுகள் ஓடிவிட்டன. வகுப்பில் குரல்கள் உயர்ந்ததுண்டு. கை ஓங்கியதில்லை.

அனுபவித்தவருக்கே தெரியும், மற்றவர் பேச வேண்டாம் என்று மறுமுனையில் நிற்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இதை அறிஞர்கள் கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் ஆழமாக விவாதித்திருக்கிறார்கள். அந்த விவாதம் 2012இல் நூலாகவும் வந்தது. களத்தில் தரவு சேர்ப்பவர்கள் ஒரு சாதி, கோட்பாடு சமைப்பவர்கள் இன்னொரு சாதி என்றாகிவிட்ட நிலையை 2002இலேயே குரு கடுமையாகச் சாடினார். அந்தச் சாட்டையடி நம் மேல் விழுந்ததே. பட்டியல் சாதி மாணவர் அனுபவம் தருவார், ஆசிரியர் கோட்பாடு தருவார் என்று பிரித்துக்கொள்ளும் வகுப்பும் அதே அநியாயத்தைத்தான் செய்கிறது. அந்த மாணவரே கோட்பாட்டாளராக வேண்டும். அதற்கு அவர் தன் அனுபவத்தையும் கேள்வி கேட்கப் பழக வேண்டும்.

பெரிய ஆய்வாளர்களே எங்கே உட்கார்ந்தார்களோ அங்கிருந்துதான் பார்த்தார்கள். எம். என். ஸ்ரீநிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கத்து ராம்புரா கிராமத்தில் தங்கி ஆய்வு செய்தார். 1970இல் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் அவருடைய குறிப்புகள் எரிந்தன. நினைவிலிருந்தே அந்த ஊரை எழுதி 1976இல் வெளியிட்டார். நூல்வழிப் பார்வை வேறு, களப் பார்வை வேறு என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஆனால் அவர் கண்ட ஊர் பெரிதும் மேல்சாதிக்காரர்களின் ஊர். தஞ்சை மாவட்டத்தில் 1961–62இல் ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கியிருந்ததால் சேரிக்குள் இயல்பாகப் போய்வர முடியவில்லை. இவற்றை மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் தங்கள் குறிப்பேட்டையும் வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்: நான் எங்கே உட்கார்ந்து இதை எழுதினேன்?

விடிகாலை நாலரைக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, தம்பிக்கு டப்பா கட்டிவிட்டு ஏழு மணிப் பேருந்தைப் பிடிக்கும் மாணவி ஒருத்தி, அதை எழுதிவிட்டுக் கடைசியில் ‘எங்கள் வீட்டு நிலைமை அப்படி’ என்று முடித்திருந்தாள். சி. ரைட் மில்ஸ் 1959இல் சமூகவியல் கற்பனை பற்றி எழுதிய நூலின் அடிநாதமே, ஒருவரின் சொந்தத் துன்பம் என்று தோன்றுவது எப்போது பொதுப் பிரச்சினையாகிறது என்பதுதான். நான் மில்ஸைச் சொல்லவில்லை. வகுப்பில் எல்லோரும் ஒரு நாள் முழுக்க என்ன செய்தார்கள் என்று மணிவாரியாக எழுதச் சொன்னேன். ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று கரும்பலகையில் கூட்டினோம். பிறகு 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைக் காட்டினேன். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 97 நிமிடம். அந்த மாணவி தன் தாளை வாங்கி, கடைசி வரியை அடித்துவிட்டாள். அதற்குப் பதிலாக என்ன எழுதலாம் என்று அந்தப் பருவம் முழுக்க யோசித்தாள். மில்ஸைப் பிறகு படித்தோம்.

இப்படி நடத்தினால் பிள்ளைகள் தேர்வை எப்படி எழுதுவார்கள் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. வரையறையைக் கேட்டால் இந்தப் பிள்ளைகள் வரையறையும் எழுதுகிறார்கள். எடுத்துக்காட்டு தருக என்றால் கைடில் உள்ளதைத் தேட வேண்டியதில்லை. பாடத்திட்டத்தில் முதல் யூனிட்டை மாற்ற நமக்கு அதிகாரம் இல்லாமல் இருக்கலாம். முதல் வாரத்தை என்ன செய்வது என்பது இன்னும் ஆசிரியர் கையில்தான் இருக்கிறது.

ஆகவே, சமூகவியல் நடத்தும் நண்பர்களே, அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது காம்ட் ஒரு வாரம் காத்திருக்கட்டும். ஆளுக்கொரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொல்லுங்கள். இன்று காலை எழுந்ததிலிருந்து இந்த பெஞ்சில் வந்து உட்காரும்வரை நடந்ததை எழுதச் சொல்லுங்கள். யார் சமைத்தது, யார் முதலில் சாப்பிட்டது, யார் வீட்டு வாசலைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு வந்தீர்கள் என்பது உட்பட. அவர்கள் எழுதும் நேரத்தில் நீங்களும் உங்கள் நோட்டில் எழுதுங்கள். முதலில் உங்களுடையதை வாசியுங்கள்.